நின்ற வாக்கில் ஒரு கடைசல்

8 மி.மீ. பிரைட் பாரில் 25 பின்கள் வேண்டும். ஒவ்வொன்றும் 35 மி.மீ. நீளம். ஒரு முனையை 12 மி.மீ. தூரத்துக்கு 6 மி.மீ. விட்டமாகக் கடைந்து இறக்க வேண்டும். அதே முனையின் நடுவில் எம்4 மரை போடுவதற்கு 3.3 மி.மீ. துளை. தலைப்பக்கம் ஸ்பேனர் பிடிக்க எதிரெதிரே இரண்டு தட்டைகள். லேத்தில் மாட்டினால் மதியச் சாப்பாட்டுக்குள் கடைசல் முடிந்துவிடும். ஆனால் அன்றைக்கு எங்கள் பட்டறையின் ஒரே லேத், பேரிங் மாற்றுவதற்காக ஹெட்ஸ்டாக் பிரிக்கப்பட்டுக் கிடந்தது. பக்கத்தில் டரட் மில்லிங் மிஷின் வேலையில்லாமல் நின்றது. பெட்டி நிறையக் காலெட்டுகள் இருந்தன. பின்களை மில்லிங்கிலேயே கடைந்தோம்.

கோயம்புத்தூரில் ஜாப் ஒர்க் செய்யும் சின்னப் பட்டறைகளுக்கு இது பழகிய வழிதான். இருக்கிற மிஷினிடம் இல்லாத மிஷினின் வேலையை வாங்குவது இங்கே அன்றாடம் நடப்பது. ஆனாலும் ஒவ்வொரு முறை இப்படிக் கடையும்போதும் ஒரு விஷயம் எனக்கு முதல் தடவை பார்ப்பதுபோல் தெளிவாகத் தெரிகிறது. ஒரு பொருளுக்கு வட்டம் எங்கிருந்து வருகிறது? பிடிக்கும் காலெட்டிலிருந்தா, வெட்டும் டூலிலிருந்தா, சுற்றும் ஸ்பிண்டிலிலிருந்தா? லேத்தில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. அங்கே எல்லாம் பிறவியிலேயே ஒரு கோட்டில் அமைந்திருக்கின்றன. மில்லிங்கில் அந்தக் கோட்டை நாமே அமைக்க வேண்டியிருப்பதால் விடை கண்ணெதிரே வந்து நிற்கிறது.

உலோகத்தைச் சீவ வேண்டுமென்றால் டூலும் ஜாப்பும் ஒன்றையொன்று உரசிக் கடக்க வேண்டும். எது நிற்கிறது, எது சுற்றுகிறது என்பது சில்லுக்குத் தெரியாது. லேத்தில் ஜாப் சுற்றுகிறது, ஒற்றை முனை டூல் அதன் ஓரமாக ஊர்கிறது. மில்லிங்கில் பல பற்கள் கொண்ட கட்டர் சுற்றுகிறது, ஜாப் டேபிளோடு சேர்ந்து ஊர்கிறது. இரண்டிலும் இருப்பது ஒரு ஸ்பிண்டிலும், ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் நகரும் சில தளங்களும். ஸ்பிண்டிலில் கட்டர் இருந்த இடத்தில் ஜாப்பையும், வைஸில் ஜாப் இருந்த இடத்தில் டூலையும் வைத்துவிட்டால் மில்லிங் மிஷின் நின்ற வாக்கில் ஒரு லேத் ஆகிவிடும். அம்பாசமுத்திரத்தில் மரச் செப்புச் சாமான் கடைபவரிடம் அச்சு படுத்திருக்கிறது, குயவரிடம் நிமிர்ந்திருக்கிறது. மில்லிங்கில் கடைவது குயவர் சக்கரத்தைக் கவிழ்த்து உத்தரத்தில் மாட்டியது போல. பொருள் மேலிருந்து தொங்கியபடி சுற்றும்.

தொங்குகிற பொருளை எதில் பிடிப்பது என்பதுதான் முதல் சிக்கல். கைக்கு முதலில் வருவது டிரில் சக். அதை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. அதன் தாடைகள் நேராக அழுத்தும் விசைக்குச் செய்யப்பட்டவை. பக்கவாட்டில் டூல் தள்ளத் தொடங்கினால் சக் தன் டேப்பரிலிருந்தே கழன்று, சுற்றிக்கொண்டே கீழே விழக்கூடும். மூன்று தாடை லேத் சக்கை ஸ்பிண்டிலில் மாட்டுவோர் உண்டு. கனமான பொருள் கீழே நீட்டிக்கொண்டு நிற்கும். வேகம் கூடக்கூடத் தாடைகள் வெளியே விலகப் பார்ப்பதால் பிடி தளரும். சிறு விட்டத்துக்கு ஏற்றது காலெட்தான்.

பள்ளிக் குழந்தைகள் வைத்திருக்கும் லெட் பென்சிலின் முனையைக் கழற்றிப் பார்த்தால் ஒரு குட்டிக் காலெட் தெரியும். நீளவாக்கில் பிளந்த சின்னக் குழாய், அதைச் சுற்றி ஒரு வளையம். குழாய் வளையத்துக்குள் இழுபடும்போது பிளவுகள் மூடிக்கொண்டு லெட்டைக் கவ்வுகின்றன. மிஷினில் இருப்பதும் இதே ஏற்பாடுதான். வெளிப்புறம் கூம்பாகச் சரிந்த எஃகுக் குழாய், அதே சரிவில் அதற்கு ஒரு வீடு. நட்டை இறுக்கினால் குழாய் வீட்டுக்குள் அமுங்கும். அமுங்க அமுங்கச் சுருங்கும்.

இது ஆப்பின் கணக்கு. மரத்தைப் பிளக்கும் ஆப்பு உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. காலெட் வெளியிலிருந்து உள்ளே தள்ளுகிறது. எங்களிடம் இருந்தது ஈஆர்32 காலெட். அதன் சரிவு அச்சிலிருந்து 8 பாகை. காலெட் உள்நோக்கி 1.5 மி.மீ. போனால் விட்டம் ஏறக்குறைய 0.42 மி.மீ. குறையும். தூரத்தில் இழப்பதை விசையில் திரும்பப் பெறுகிறோம். உராய்வே இல்லாவிட்டால் நட்டு தள்ளும் விசையைப் போல் 7 மடங்கு, ஜாப்பின் மேல் அழுத்தமாக இறங்கும். எண்ணெய் தடவிய எஃகும் எஃகும் உரசும்போது உராய்வுக் கெழுவை 0.12 என்று வைத்தால் அது 3.8 மடங்காகக் குறைந்துவிடுகிறது. பாதியை உராய்வே விழுங்கிவிடுகிறது. அதனால்தான் காலெட்டையும் அதன் வீட்டையும் துடைத்து மாட்டச் சொல்வார்கள். அழுக்கு படிந்த டேப்பரில் எவ்வளவு இறுக்கினாலும் இறுக்கம் ஜாப்புக்குப் போய்ச் சேராது.

சரிவை இன்னும் குறைத்தால் பிடி கூடுமே என்று தோன்றும். கூடும், ஆனால் திரும்பி வராது. சரிவுக் கோணத்தின் டேன்ஜென்ட் உராய்வுக் கெழுவைவிடச் சிறியதாக இருந்தால் கூம்பு தானாகப் பூட்டிக்கொள்ளும். டிரில் பிட்டுகளில் வரும் மோர்ஸ் டேப்பரில் ஒரு பக்கச் சரிவு ஏறக்குறைய 1.5 பாகை, டேன்ஜென்ட் 0.026. அதைத் தட்டித்தான் கழற்ற வேண்டும். ஈஆரின் 8 பாகைக்கு 0.14. பூட்டிக்கொள்வதற்கும் விடுபடுவதற்கும் நடுவிலுள்ள வரப்பின் மேலேயே அது நிற்கிறது. ஆகவே அதன் நட்டுக்குள் மையம் தள்ளிய ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள். காலெட்டை முதலில் சாய்த்து, அந்த வளையத்தில் 'டிக்' என்று மாட்டி, பிறகுதான் இரண்டையும் சேர்த்துச் சக்கில் திருக வேண்டும். நட்டைக் கழற்றும்போது வளையம் காலெட்டைப் பிடித்து வெளியே இழுத்துவிடும். இது தெரியாமல் காலெட்டை முதலில் டேப்பருக்குள் போட்டு, மேலே நட்டைத் திருகுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். காலெட் கோணலாக உட்காரும், பிறகு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதலில் காது கொடுத்துக் கேட்கச் சொல்வது அந்த 'டிக்' சத்தத்தைத்தான்.

காலெட் என்ற சொல் பிரெஞ்சில் சின்னக் கழுத்துப்பட்டி என்று பொருள்படும். இந்தப் பிடி வளர்ந்தது கடிகாரத் தொழிலில். அமெரிக்காவின் வால்தம் நகரில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கடிகாரங்களை ஆயிரக்கணக்கில் செய்யத் தொடங்கியபோது, தலைமுடி பருமனுள்ள தண்டுகளை நடு பிசகாமல் பிடிக்க வேண்டிய தேவை வந்தது. பிளந்த காலெட்டையும் நடுவில் துளையுள்ள ஸ்பிண்டிலையும் சேர்த்துத் தந்தவர் என்று சார்ல்ஸ் மோஸ்லியைக் கடிகாரத் தொழில் வரலாறுகள் குறிக்கின்றன. பிறகு ஹார்டிஞ்சு லேத்துகளோடு 5சி காலெட் பரவியது. 1938இல் ருடால்ஃப் பேனோவும் மேக்னஸ் வால்ஸ்ட்ராமும் கொண்டுவந்த பிரிட்ஜ்போர்ட் மில்லிங் மிஷின் பின்னாளில் தனக்கென்று ஆர்8 டேப்பரைக் கொண்டது. இன்று உலகமெங்கும் இருக்கும் டரட் மில்லிங்குகள் பெரும்பாலும் அதன் வாரிசுகள். ஈஆர் வந்தது 1970களின் தொடக்கத்தில், சுவிட்சர்லாந்தின் ரெகோ-ஃபிக்ஸ் நிறுவனத்திலிருந்து.

இந்த மூன்றில் எதை எடுப்பது என்பது வேலையைப் பொறுத்தது. ஆர்8 காலெட் நேரே ஸ்பிண்டிலுக்குள் போய் உட்கார்ந்துகொள்வதால் ஜாப் மிஷினின் மூக்கருகிலேயே நிற்கும், ஆட்டம் குறையும். 5சி, ஜாப்பைப் பிடிப்பதற்கென்றே பிறந்தது. முன்பக்கமிருந்து மட்டும் பிளந்திருக்கும், வாயருகே கவ்வும், 27 மி.மீ. உருளை வரை பிடிக்கும். ஆனால் ஆர்8, 5சி இரண்டுமே குறித்த அளவிலிருந்து சற்றே விலகிய கம்பியைக் கொடுத்தால் முழுதாகப் பிடிக்காது. வாய் மட்டும் மூடி உள்ளே திறந்து நிற்கும். ஈஆர், கட்டர் பிடிக்க உருவானது. அதன் பிளவுகள் இரு முனைகளிலிருந்தும் மாறி மாறி வருவதால் முழு நீளமும் ஒன்றுபோலச் சுருங்கும். ஒரே காலெட் 1 மி.மீ. வரை விட்டம் மாறினாலும் சமாளிக்கும். ஈஆர்32 வரிசை 20 மி.மீ. வரை போகும். கையில் என்ன விட்டத்தில் கம்பி வரும் என்று சொல்ல முடியாத பட்டறைக்கு ஈஆர்தான் தோது. ஸ்பிண்டில் டேப்பருக்குப் பொருந்தும் காம்போடு ஈஆர்32 சக் ஒன்று வாங்கிவிட்டால், கட்டர் பிடிக்க வாங்கிய காலெட்டுகளே ஜாப்பையும் பிடிக்கும்.

பாரை மாட்டி டயல் கேஜை வைத்துச் சுற்றினேன். முள் 0.03 மி.மீ. ஆடியது. காலெட்டைக் கழற்றித் துடைத்து, கால் சுற்று திருப்பி மாட்டினால் 0.02. நான் வேலை பழகிய காலத்தில் இப்படி முள் ஆட்டத்தோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மிஷினில் இருந்த பெரியவர் வந்து தோளில் தட்டினார். "கண்ணு, வட்டம் காலெட்டுல இல்ல, ஸ்பிண்டில்ல இருக்குது. ஒரு கட்டு ஓட்டிட்டு டயலை வெச்சுப் பாரு" என்றார். ஓட்டினேன். கடைந்த பகுதியில் டயலை வைத்தேன். முள் அசையவில்லை.

யோசித்தால் அப்படித்தான் இருந்தாக வேண்டும். பார் எவ்வளவு கோணலாக உட்கார்ந்திருந்தாலும் அது சுற்றுவது ஸ்பிண்டிலின் அச்சை. டூல் முனை அந்த அச்சிலிருந்து ஒரே தூரத்தில் அசையாமல் நிற்கிறது. அதைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் வெட்டிவிடுகிறது. மிஞ்சுவது அச்சைச் சுற்றிய வட்டம். காலெட்டின் பிசகு அதில் ஏறவே ஏறாது. அது ஏறுவது, பிடித்த பழைய பரப்புக்கும் கடைந்த புதிய பரப்புக்கும் இடையிலுள்ள உறவில்தான். எங்கள் பின்னில் 8 மி.மீ. தலைக்கும் 6 மி.மீ. தண்டுக்கும் இடையே 0.01 மி.மீ. மையப் பிசகு இருக்கும், அதாவது டயல் காட்டியதில் பாதி. ஆனால் 6 மி.மீ. தண்டையும் அதன் நடுத்துளையையும் கழற்றாமல் ஒரே பிடியில் முடித்துவிட்டால் இரண்டுக்கும் மையம் ஒன்றே. எந்தெந்தப் பரப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்று வரைபடத்தில் முதலில் பார்த்து, அவற்றை எல்லாம் ஒரே பிடிக்குள் கொண்டுவருவதுதான் நல்ல டர்னரின் திட்டம். மில்லிங்கில் கடைவதற்கும் இதே விதிதான்.

டூலை அமைப்பது சுவையான வேலை. மேலிருந்து பார்த்தால் மில்லிங் ஸ்பிண்டில் கடிகார முள்ளின் திசையில் சுற்றும். ஜாப்பின் வலப்பக்கம் டூலை வைத்தால், அங்கே பரப்பு பின்னாலிருந்து நம்மை நோக்கி வரும். ஆகவே டூலின் முகம் மிஷினின் தூணைப் பார்த்திருக்க வேண்டும். லேத்தில் வானம் பார்த்திருக்கும் டூல் இங்கே ஒருக்களித்துப் படுத்திருக்கும். சாதாரண வலக்கை டர்னிங் டூலே போதும், அதன் வெட்டுமுனை மேலே ஸ்பிண்டிலை நோக்கியபடி அமையும். வைஸின் இடது ஓரத்தில் டூலை நீட்டிப் பிடித்து இறுக்கினேன். சில்லுகள் தூண் பக்கமாகத் தெறிக்கும். நிற்கிறவனுக்கு அதுவும் நல்லது.

லேத்தில் டூலின் மைய உயரம் என்று சொல்வது இங்கே டேபிளின் முன்பின் நகர்வாக மாறிவிடுகிறது. அதைச் சரிசெய்ய, காலெட்டில் 10 மி.மீ. டவல் பின் ஒன்றைப் பிடித்து, டூலின் தட்டை முகத்தை அதன் முன்பக்கத்தில் மெல்லிய காகிதம் சிக்கும் அளவுக்குக் கொண்டுவந்து, காகிதத்தின் பருமனையும் சேர்த்துக் கணக்கிட்டு டேபிளை 5 மி.மீ. பின்னே நகர்த்தினேன். முனை அச்சுக்கு நேரே வந்துவிட்டது. உடனே அந்தத் தளத்தைப் பூட்டிவிட வேண்டும். இதில் கொஞ்சம் பிசகினால் என்ன ஆகும்? 6 மி.மீ. தண்டுக்கு முனை 0.1 மி.மீ. தள்ளியிருந்தால், பிதாகரஸ் கணக்குப்படி விட்டத்தில் கூடுவது 0.003 மி.மீ. மட்டுமே. முனை 0.5 மி.மீ. தள்ளிப்போனால்தான் 0.08 மி.மீ. ஆகிறது. ஆனால் ஜாப்பின் முனையைத் தட்டையாகச் சீவும்போது அதே 0.1 மி.மீ. தப்பாமல் காட்டிக்கொடுத்துவிடும். நட்டநடுவில் 0.2 மி.மீ. விட்டத்தில் ஒரு மொட்டு நின்றுவிடும். முதல் பாரின் முனையைச் சீவி, மொட்டு இல்லை என்று நகத்தால் தடவிப் பார்த்த பிறகே அடுத்த வேலை.

வேகம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹைஸ்பீடு டூலுக்கு நிமிடத்துக்கு 30 மீட்டர் என்று வைத்தால் 8 மி.மீ. கம்பிக்கு ஏறக்குறைய 1,200 சுற்று வரும். மில்லிங் ஸ்பிண்டிலுக்கு அது இயல்பான வேகம்.

மூன்று பின்கள் சரியாக வந்தன. நான்காவதில் 12 மி.மீ. இருக்க வேண்டிய படி 11.7 மி.மீ. இருந்தது. ஸ்பிண்டில் இறங்கும் தூரத்தை நிறுத்தும் நட்டு அசையவில்லை. டூலும் அசையவில்லை. பின்னைக் கழற்றிப் பார்த்தேன். காலெட் கவ்விய இடத்தின் ஓரத்தில் மெல்லிய பளபளப்பு வளையம் ஒன்று தெரிந்தது. கம்பி மேலே வழுக்கியிருக்கிறது. கீழே இறங்கும் ஜாப்பை டூல் மேலே தள்ளுகிறது. பிடி போதாவிட்டால் ஜாப் காலெட்டுக்குள் ஏறிவிடும். பிழை என்னுடையதுதான். 35 மி.மீ. துண்டில் 20 மி.மீ. வெளியே விட்டு 15 மி.மீ. மட்டும் உள்ளே கொடுத்திருந்தேன். ஈஆர்32 காலெட்டின் நீளம் 40 மி.மீ. மேல்பாதியில் கம்பி இல்லாததால் அங்கே காலெட் அதிகமாகச் சுருங்கி, வாய்ப்பக்கம் மலர்ந்து, ஒரு வளையத்தில் மட்டுமே கவ்வியிருக்கிறது. அதே 8 மி.மீ. கம்பியில் 25 மி.மீ. துண்டு ஒன்றை வெட்டி, பிசிறு எடுத்து, காலெட்டின் பின்பாதியில் போட்டு, சக்கின் உள்ளே இருக்கும் நிறுத்துத் திருகில் முட்ட வைத்தேன். காலெட் இணையாகச் சுருங்கியது. ஜாப் மேலே ஏறவும் இடமில்லாமல் போயிற்று. அந்தத் துண்டை இன்னும் டிராயரில் வைத்திருக்கிறேன்.

20 மி.மீ. வெளியே விட்டதற்கும் கணக்கு உண்டு. ஒரு பக்கம் மட்டும் பிடித்த கம்பி, டூல் தள்ளும்போது வளையும். வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 8 மி.மீ. எஃகுக் கம்பி 20 மி.மீ. நீட்டியிருக்கும்போது முனையில் 10 கிலோ எடையளவு பக்கவிசை பட்டால் 0.007 மி.மீ. விலகும். 40 மி.மீ. நீட்டினால் 0.053 மி.மீ. விட்டத்தில் பார்த்தால் பிழை அதன் இரட்டிப்பு. முனை பருத்தும் அடி மெலிந்தும் கம்பி கூம்பாக வரும். விட்டத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் நீட்டாதே என்று பழையவர்கள் சொல்வது இந்த மும்மடிக் கணக்கைத்தான். லேத்தில் டெயில்ஸ்டாக் வைத்துத் தாங்கலாம். மில்லிங் டேபிளில் சென்டரை நிறுத்தித் தாங்க முடியாது, ஏனென்றால் டூலை நகர்த்த டேபிளை நகர்த்தினால் சென்டரும் கூடவே நகர்ந்துவிடும்.

ஜாப்பை நீளவாக்கில் ஓட்டுவதற்கு மில்லிங்கில் இரண்டு வழிகள். ஸ்பிண்டிலைத் தாங்கும் க்வில்லைக் கீழே இறக்கலாம், அல்லது டேபிளை மேலே ஏற்றலாம். பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான். ஆனால் டரட் மில்லிங்கின் தலை சாயக்கூடியது. அது 100 மி.மீ.க்கு 0.02 மி.மீ. பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். டேபிளை ஏற்றிக் கடைந்தால் டூல் நேர்செங்குத்தில் போகும், ஜாப்பின் அச்சோ சாய்ந்து நிற்கும். 50 மி.மீ. நீளத்தில் விட்டம் 0.02 மி.மீ. மாறிவிடும். க்வில்லை இறக்கினால் ஜாப் தன் அச்சின் வழியாகவே இறங்குகிறது. தலை எப்படிச் சாய்ந்திருந்தாலும் நேர் உருளைதான் வரும். வேண்டுமென்றே தலையை 3 பாகை சாய்த்து டேபிளை ஏற்றினால் ஒரு பக்கம் 3 பாகைச் சரிவுள்ள கூம்பு வரும் என்பது இதிலிருந்தே கிடைக்கும் வரவு. பிரிட்ஜ்போர்ட் வகைத் தலையில் க்வில்லுக்கு ஒரு சுற்றுக்கு 0.038, 0.076, 0.152 மி.மீ. என்று மூன்று தானியங்கி ஃபீடுகள் உண்டு. முனை ஆரம் 0.4 மி.மீ. உள்ள டூலில் 0.152 ஃபீடு விடும் வரிகளின் ஆழம் ஏறக்குறைய 7 மைக்ரான், 0.076இல் 2 மைக்ரானுக்கும் குறைவு. ஃபீடைப் பாதியாக்கினால் கரடு கால்வாசியாகிறது. கடைசிக் கட்டை நடு ஃபீடில் ஓட்டினேன், தண்டு கண்ணாடி போல் வந்தது.

துளைக்கு டிரில்லை டேபிளில் மேல்நோக்கி நிறுத்த வேண்டும். அச்சுக்கு நேராக எப்படி நிறுத்துவது? இதில்தான் இந்த முறையின் அழகு முழுதாகத் தெரிகிறது. கடைசலைத் தொடங்கும் முன்பே, வைஸுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கட்டையை டேபிளோடு இறுகக் கிளாம்ப் செய்து, ஸ்பிண்டிலிலேயே டிரில் மாட்டி அந்தக் கட்டையில் 3.3 மி.மீ. துளை போட்டு, அந்த இடத்தை, டேபிளின் நிலையை எண்ணில் காட்டும் டி.ஆர்.ஓ.வில் குறித்துவைத்திருந்தேன். பிறகு அதே டிரில்லைக் கழற்றி, தலைகீழாக்கி, காம்பை அந்தத் துளையில் செருகி, பக்கத்தில் ஒரு கிரப் ஸ்குரூவால் இறுக்கினேன். ஸ்பிண்டில் தானே போட்ட துளை அது. குறித்த எண்ணுக்கு டேபிளைக் கொண்டுவந்தால் ஸ்பிண்டிலுக்கு நேரே அல்லாமல் வேறெங்கே இருக்கும்? பின் சுற்றிக்கொண்டே டிரில்லின் மேல் இறங்கியது. ஜாப் சுற்றி டிரில் நிற்கும்போது துளை ஓரம் சாய்வது குறைவு. துளை கீழ்நோக்கி இருப்பதால் சில்லுகள் தாமாகவே உதிர்ந்து விழுகின்றன. லேத்தில் ஆழத் துளையிடும்போது அடிக்கடி டிரில்லை வெளியே எடுத்துச் சில்லு தட்ட வேண்டியிருக்கும். இங்கே புவியீர்ப்பு அந்த வேலையில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொண்டது.

காலெட் இல்லாத விட்டத்துக்கும் இதே வழி உதவும். உதாரணமாக, ஏற்கெனவே கடைந்த 11.3 மி.மீ. பரப்பை மையம் பிசகாமல் பிடிக்க வேண்டும். 16 மி.மீ. பித்தளைத் துண்டு ஒன்றைக் காலெட்டில் பிடித்து, டேபிளில் வைத்த போரிங் டூலால் அதற்குள் 11.3 மி.மீ. துளை போட வேண்டும். காலெட்டுக்கும் புஷ்ஷுக்கும் ஒரே இடத்தில் பேனாவால் கோடு போட்டு, கழற்றி, ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் ஒரு பிளவு வெட்டி, பிசிறு நீக்கி, கோட்டோடு கோடு சேரத் திரும்ப மாட்டினால் போதும். தன் ஸ்பிண்டிலிலேயே துளைக்கப்பட்ட புஷ் அது. சக்கின் பிசகு, காலெட்டின் பிசகு எல்லாவற்றையும் துளை போடும்போதே கழித்துவிட்டிருக்கும். 5சி வரிசையில் 'எமர்ஜென்சி காலெட்' என்று விற்பதும் இதே யோசனைதான். மென்மையான எஃகிலோ பித்தளையிலோ நைலானிலோ சின்னத் துளையோடு வரும். நம் மிஷினில் மாட்டி நமக்கு வேண்டிய அளவுக்குத் துளைத்துக்கொள்ள வேண்டியது.

மில்லிங்கில் முடியாதவையும் உண்டு. ஸ்பிண்டிலின் நடுவில், சக்கை மேலே இழுத்துப் பிடிக்கும் டிரா பார் நிற்பதால் நீளக் கம்பியை உள்ளே விட்டு, கடைந்து வெட்டி, கடைந்து வெட்டி எடுக்க வழியில்லை. துண்டுகளை முதலில் ஹேக்ஸா மிஷினில் அறுத்துக்கொள்ள வேண்டும். ஸ்பிண்டிலுக்கும் டேபிளுக்கும் இடையே பல்சக்கரத் தொடர்பு இல்லாததால் ஒற்றை முனை டூலால் மரை வெட்ட முடியாது. டேப்பும் டையும்தான் துணை. பெரிய விட்டம் வேண்டாம். மில்லிங் ஸ்பிண்டிலின் பேரிங்குகள் பெரிய சக்கையும் அதன் அதிர்வையும் சுமக்கப் பிறந்தவை அல்ல.

மதியம் மூன்று மணிக்கு 25 பின்களும் கடைந்து, துளைத்து, ஒரு தட்டில் எண்ணெயோடு கிடந்தன. மைக்ரோமீட்டரில் தண்டுகள் எல்லாம் 5.99க்கும் 6.00க்கும் இடையில். மீதி இருந்தது தலையில் இரண்டு தட்டைகள். வைஸிலிருந்து டர்னிங் டூலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சதுரக் காலெட் பிளாக்கை வைத்தேன். நான்கு பக்கமும் செங்கோணமாகச் சாணை பிடித்த எஃகுப் பெட்டி, நடுவில் ஈஆர்32 வாய். அதில் 6 மி.மீ. காலெட்டைப் போட்டு, முதல் பின்னைத் தலை வெளியே தெரிய நிறுத்தினேன். ஒரு தட்டை வெட்டிவிட்டுப் பெட்டியை எதிர்ப்பக்கம் புரட்டி வைத்தால் இரண்டாவது தட்டை சரியாக 180 பாகையில் வந்துவிடும். ஸ்பிண்டிலுக்கு 8 மி.மீ. எண்ட் மில் வேண்டியிருந்தது. காலையிலிருந்து பின்களைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்த அதே 8 மி.மீ. காலெட்டைக் கழற்றி, துடைத்து, நட்டில் 'டிக்' என்று மாட்டி, எண்ட் மில்லைக் கொடுத்து இறுக்கினேன்.